ஆதிமந்தி கதையை இன்னொருவருக்குச் சொல்லுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இந்தக் கதையைச் சொன்னது என் பெரியம்மா. ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு நானும் யாரிடமாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். கேட்டவர்களில் பலர் பிறகு திரும்பி வந்து, "இதை என் பெண்ணுக்குச் சொல்லலாமா, வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா, இது நிஜமா" என்று கேட்பார்கள். அடிக்கடி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், அது என்ன கதை?

சங்க காலக் கதை. காவிரிக் கரையில் கழார் என்று ஓர் ஊர், அங்கே பெரிய நீர்த்துறை, புதுவெள்ளம் வந்ததும் விழா. அந்த விழாவில் ஆட்டன் அத்தி என்பவன் தண்ணீரில் ஆடுகிறான், காவிரி அவனை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அவன் காதலி ஆதிமந்தி புத்தி பேதலித்துத் திசையெல்லாம் அவனைத் தேடி அலைகிறாள். கடைசியில் மருதி என்ற பெண் அவனை ஆதிமந்திக்குக் காட்டிவிட்டுத் தான் கடலுக்குள் போய்விடுகிறாள்.

கதை இவ்வளவுதான். இதற்கு மேல் நீங்கள் எங்கே என்ன கேட்டிருந்தாலும் அது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

எந்த நூலில் இருக்கிறது? வாங்கிப் படிக்கலாமா?

தனி நூல் கிடையாது. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான், எங்கேயும் இது முழுசாக இல்லை. வேறு எதையோ பேசுகிற பாட்டுகளில், நடுவே ஒரு உவமையாக, நாலு வரி இங்கே, மூன்று வரி அங்கே என்று சிதறிக் கிடக்கிறது. அதிகமாகச் சொன்னவர் பரணர் என்ற சங்கப் புலவர். அகநானூற்றில் 76, 222, 376, 396 ஆகிய பாட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டால் கதையின் பெரும்பகுதி கையில் வந்துவிடும். 45-ஆம் பாட்டு வெள்ளிவீதியார் பாடியது, அதிலும் ஆதிமந்தி வருகிறாள். பிறகு சிலப்பதிகாரத்தில் வஞ்சின மாலை என்ற பகுதி. இவற்றோடு குறுந்தொகை 31, அது ஆதிமந்தியே பாடியது.

பரணரின் பாட்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு துண்டைக் காட்டும். 376-இல் கரிகாலன் தன் சுற்றத்தோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், "கலிகொள் சுற்றமொடு கரிகால் காண" என்று வரி. அத்தி கருங்கச்சு கட்டியிருக்கிறான், கழல் காலில் புரள்கிறது, பொன்னணி மணியோடு சேர்ந்து ஒலிக்கிறது. 222-இல் காவிரியே ஒரு பெண். தாழ்ந்த கரிய கூந்தல் உள்ளவள், அவன் அழகை விரும்பி அவனை வவ்விக்கொண்டு போகிறாள். வெள்ளம் இழுத்துப் போனதை ஒருத்தி ஆசைப்பட்டுக் கவர்ந்து போனதாகச் சொல்லியிருக்கிறார் பரணர். 396-இல் ஆதிமந்தி கண்ணில் நீர் வழிய இருக்கிறாள்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது 76. அதில் ஆதிமந்தி வழியில் போவோர் வருவோரிடம் கேட்கிறாள்: "கச்சினன், கழலினன், தேந்தார் மார்பினன்... சுரியல் அம் பொருநனைக் காண்டிரோ?" கச்சை கட்டியிருப்பான், காலில் கழல் இருக்கும், மார்பில் தேன் சொட்டும் மாலை, சுருட்டை முடி, பார்த்தீர்களா? காணாமல் போனவரைத் தேடும் யாரும் இன்றைக்கும் இப்படித்தான் கேட்பார்கள். என்ன சட்டை, என்ன நிறம், முடி எப்படி இருக்கும் என்று. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பாட்டில் அந்தப் பதற்றம் அப்படியே இருக்கிறது.

ஆதிமந்தியே பாடியதா? அவள் கதாபாத்திரம் இல்லையா?

குறுந்தொகை 31-ஐப் பாடியவர் பெயர் ஆதிமந்தி என்றுதான் இருக்கிறது. அதனால்தான் ஆதிமந்தியார் என்று மரியாதையோடும் சொல்கிறோம். ஆறே வரி:

மள்ளர் குழீஇய விழவி னானும்
மகளிர் தழீஇய துணங்கை யானும்
யாண்டும் காணேன் மாண்தக் கோனை
யானும்ஓர் ஆடுகள மகளே என்கைக்
கோடுஈர் இலங்குவளை நெகிழ்த்த
பீடுகெழு குரிசிலும்ஓர் ஆடுகள மகனே

வீரர்கள் கூடுகிற விழாவில் தேடினேன், பெண்கள் தழுவி ஆடும் துணங்கைக் கூத்தில் தேடினேன், எங்கேயும் அவனைக் காணவில்லை. நானும் ஆடுகளத்தில் ஆடுகிறவள்தான், சங்கை அறுத்துச் செய்த என் வளையலைக் கழன்றுபோக வைத்த அந்தப் பெருமகனும் ஆடுகளத்தில் ஆடுகிறவன்தான்.

அந்த வளையலைக் கொஞ்சம் கவனியுங்கள். கோடு என்றால் சங்கு, ஈர்தல் என்றால் அறுத்தல். சங்கு வளை வளைந்து கொடுக்காது, கைக்கு அளவாகப் போட்டதுதான். அது தானாக நெகிழ்கிறது என்றால் கை மெலிந்துவிட்டது. "இளைத்துப் போனேன்" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வளையலைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் அந்த "ஓர்". யானும் ஓர் ஆடுகள மகள், அவனும் ஓர் ஆடுகள மகன். முன்பாதியில் அவன் மாண்தக்கோன், பின்பாதியிலும் குரிசில், ஆனாலும் கடைசியில் இருவரையும் ஒரே களத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறாள். எனக்குத் தெரிந்து காதலைச் சமமாக நின்று சொன்ன வரிகளில் இதற்கு ஈடு குறைவு.

ஆனால் இந்தப் பாட்டில் ஆறும் இல்லை, வெள்ளமும் இல்லையே?

சரியான கேள்வி. இல்லைதான். அத்தி என்ற பெயரும் இல்லை. அகப்பாட்டில் காதலர் பெயரைச் சொல்லக்கூடாது என்பது மரபு, தொல்காப்பியமே "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்கிறது. பாட்டின் சூழலைச் சொல்லும் பழைய துறைக்குறிப்பு இந்தப் பாட்டை வேறு மாதிரிப் பார்க்கிறது: வேறு யாரோ பெண் கேட்டு வருகிறார்கள், அதனால் தலைவி தன் காதலைத் தோழியிடம் வெளிப்படுத்துகிறாள், அதாவது அறத்தொடு நிற்கிறாள். அப்படிப் பார்த்தால் இது வெள்ளத்துக்கு முந்தைய பாட்டு, கல்யாணத்துக்கும் முந்தைய பாட்டு.

பலர் இதை அவன் தொலைந்த பிறகு பாடிய புலம்பலாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நான் முந்தைய பாட்டாகத்தான் சொல்வேன். விழாக்கூட்டத்தில் அவனைத் தேடிய அதே பெண் பிறகு ஒரு நாள் ஆற்றங்கரையிலும் தேடினாள் என்று வரிசைப்படுத்தினால், கேட்கிறவர் மனசில் அது தானாக ஏறுகிறது. நீங்கள் எப்படிச் சொன்னாலும் சரி, பாட்டில் இல்லாத வெள்ளத்தைப் பாட்டின் பொருளில் நுழைத்து எழுதாதீர்கள்.

அவள் கரிகாலன் மகள், அவன் சேர அரசன் என்று படித்தேனே?

அது சிலப்பதிகாரத்திலிருந்து வருகிறது. கோவலனை இழந்த கண்ணகி, பாண்டிமாதேவியின் முன்னால் நின்று, புகாரில் பிறந்த ஏழு பத்தினிப் பெண்களைச் சொல்கிறாள். அதில் ஒருத்தி:

மன்னன் கரிகால் வளவன்மகள் வஞ்சிக்கோன்
தன்னைப் புனல்கொள்ளத் தான்புனலின் பின்சென்று
கல்நவில் தோளாயோ என்னக் கடல்வந்து
முன்நிறுத்திக் காட்ட அவனைத் தழீஇக்கொண்டு
பொன்னங் கொடிபோலப் போதந்தாள்

கரிகாலன் மகள், அவள் கணவன் வஞ்சிக்கோன், அதாவது வஞ்சியை ஆண்ட சேர அரசன், புனல் கொண்டுபோனது, அவள் பின்னாலேயே போய் "கல்போன்ற தோளுடையவனே" என்று கூப்பிட்டது, கடலே வந்து அவனை முன்னால் நிறுத்தியது, அவள் தழுவிக்கொண்டு திரும்பியது. எல்லாம் இருக்கிறது, ஆனால் ஆதிமந்தி, அத்தி என்ற பெயர்கள் மட்டும் இல்லை. மறுபக்கம், பரணர் பாட்டுகளில் பெயர்கள் இருக்கின்றன, கரிகாலன் விழாவைப் பார்த்தான் என்பதும் இருக்கிறது, ஆனால் அவள் அவன் மகள் என்று வரவில்லை. இரண்டையும் சேர்த்து "கரிகாலன் மகள் ஆதிமந்தி, சேரன் ஆட்டனத்தி" என்று ஆக்கியது பிற்கால மரபு.

சேர்த்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். கரிகாலன், காவிரி, வெள்ளம், பின்னாலேயே தேடிப்போனவள், இத்தனையும் ஒத்துப்போகும்போது யாருக்கும் இரண்டும் ஒன்று என்றுதான் தோன்றும். ஆனால் அவள் தன்னை "ஆடுகள மகள்" என்று சொல்லிக்கொள்கிறாளே, அரசன் மகள் அப்படிச் சொல்வாளா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்விக்கும் நியாயம் உண்டு. அதனால் நான் சொல்லும்போது "கரிகாலன் மகள் என்று சொல்வார்கள்" என்பேன்.

மருதி யார்?

அகநானூறு 222-இல் நான்கு வரியில் வருகிறாள்:

மாதிரம் துழைஇ மதிமருண்டு அலந்த
ஆதிமந்தி காதலற் காட்டிப்
படுகடல் புக்க பாடல்சால் சிறப்பின்
மருதி

திசையெல்லாம் தேடி, மதி மயங்கிக் கலங்கிப்போன ஆதிமந்திக்கு அவள் காதலனைக் காட்டிவிட்டு, ஒலிக்கும் கடலுக்குள் புகுந்த, பாட்டில் பாடத்தக்க சிறப்புடைய மருதி. அவள் யார் மகள், என்ன குலம், அவனை எப்படிக் கண்டாள், ஏன் கடலுக்குள் போனாள், எதுவும் கிடையாது.

இங்கேதான் எல்லாரும் கதை கட்டுவார்கள். கரை ஒதுங்கிய அத்தியை மருதி காப்பாற்றினாள், அவன்மேல் காதல் கொண்டாள், உரியவள் தேடி வந்ததும் அவனை ஒப்படைத்துவிட்டு உயிரை விட்டாள் என்பது பிரபலமான வடிவம். இருபதாம் நூற்றாண்டில் வந்த காவியம், நாடகம், சினிமா எல்லாம் இந்த இடைவெளியில்தான் வளர்ந்தன. அவள் கடல் தெய்வம் என்று சொல்பவர்களும் உண்டு, அப்படியானால் கடலுக்குள் புகுந்தது சாவு இல்லை, வீடு திரும்பியது.

நான் இரண்டையும் சொல்ல மாட்டேன். "காட்டினாள், கடலுக்குள் போனாள்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவேன். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டவர் ஒவ்வொருவரும் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்து "ஏன்?" என்று கேட்கிறார்கள். அந்த "ஏன்"-ஐ நாம் அவசரப்பட்டு அடைத்துவிட்டால் அவர்கள் இன்னொருவரிடம் போய்க் கேட்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சுருக்கும்போது கரிகாலனை விடலாம், கழாரை விடலாம், பாட்டு எண்ணையும்கூட விடலாம். மருதியை விடாதீர்கள். அத்தியைக் கண்டுபிடித்துக் காட்டியவள் அவள்தான், அவளைத்தான் எல்லாரும் முதலில் வெட்டுகிறார்கள்.

சிலப்பதிகாரத்தில் கடல் காட்டியது, பரணர் பாட்டில் மருதி காட்டினாள். எதைச் சொல்வது?

எனக்கு மருதி. ஆனால் கண்ணகி அங்கே வேறு வேலைக்காக இந்தக் கதையை எடுக்கிறாள் என்பதைப் புரிந்துகொண்டால் போதும். கணவனை இழந்துவிட்டு, ஒரு பத்தினியின் சொல்லுக்குக் கடலே பணியும் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறவளுக்கு நடுவில் இன்னொரு பெண் தேவையில்லை. நேரம் இருந்தால் இரண்டையும் சொல்லுங்கள். "இன்னொரு மாதிரியும் சொல்வார்கள்" என்று தொடங்கினால் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அத்தி உயிரோடு திரும்பினானா?

சிலப்பதிகாரத்தில் உயிரோடுதான், தழுவிக்கொண்டு திரும்புகிறாள். பரணர் "காதலற் காட்டி" என்று மட்டும் சொல்கிறார்.

இது உண்மையில் நடந்ததா?

நம் கையில் இருப்பது பாட்டுகள்தான். கரிகாலன் வரலாற்று மனிதன், பரணர் பல அரசர்களையும் நிகழ்ச்சிகளையும் பாட்டுக்குள் போட்டு வைக்கிற பழக்கம் உள்ளவர், சங்க கால வரலாறு எழுதுபவர்கள் அவரை நிறையவே நம்புகிறார்கள். அவர் ஒரே நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்ப, ஊர் பெயரோடு, ஆள் பெயரோடு, விளக்கம் எதுவும் தராமல் சொல்கிறார். உவமை என்பது கேட்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் வேலை செய்யும். அதனால் அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்த சம்பவம் இது என்பது என் நம்பிக்கை. கரை புரளும் வெள்ளத்தில் ஒருவன் அடித்துக்கொண்டு போவது காவிரிக்குப் புதுசா என்ன. கடல் வந்து எடுத்துக் கொடுத்தது கதை.

பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

தாராளமாக. ஏழெட்டு வயசுக்கு மேல் என்றால் அப்படியே சொல்லலாம். ஆறு அவனைத் தூக்கிக்கொண்டு போனது, அவள் தேடினாள், கிடைத்தான், இது பிள்ளைகளுக்குப் புரிகிற கதை. ரொம்பச் சின்னதுகளுக்கு மருதியைக் கடலில் வாழ்கிறவளாகச் சொன்னால் பயம் வராது, அந்த வடிவமும் மரபில் இருக்கிறதுதானே. என் தங்கை மகளுக்கு ஆறு வயசில் சொன்னபோது அவள் கேட்டது, "காவிரிக்கு அவனை ஏன் பிடிச்சுது?" "நல்லா ஆடினான்ல, அதான்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டாள். பரணரும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

வாய்விட்டுச் சொல்வது எப்படி? எனக்குக் கதை சொல்ல வராது.

வரும். பெயர் விளக்கத்தில் தொடங்காதீர்கள், காலக்கணக்கில் தொடங்காதீர்கள், "சங்க இலக்கியத்தில்" என்று தொடங்கவே தொடங்காதீர்கள், கேட்பவர் பள்ளிக்கூட முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வார். அவள் கேட்ட கேள்வியில் தொடங்குங்கள், "சுருட்டை முடி, காலில் கழல், பார்த்தீர்களா?" பிறகு யார், எங்கே, எப்படித் தொலைந்தான் என்று பின்னால் போங்கள். அஞ்சு நிமிடம் போதும், பத்துக்கு மேல் வேண்டாம். கடைசியில் அந்த ஆறு வரியை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனப்பாடம் இல்லையென்றால் பார்த்துப் படியுங்கள், ஒன்றும் குறையில்லை. "யாண்டும் காணேன்" என்ற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு "மாண்தக் கோனை" என்று சொல்லிப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

அனுப்புங்கள், இந்தக் கதை அதிலும் நன்றாகவே ஓடும். ஆனால் மூன்று விஷயம் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பாட்டு எண்ணும் பாடியவர் பெயரும் இருக்கட்டும், குறுந்தொகை 31-ஐப் பரணர் பெயரில் போட்ட செய்தியை நானே பார்த்திருக்கிறேன், அவள் தன் கையால் எழுதிய ஒரே பாட்டு, அதிலும் பெயரைப் பறித்தால் எப்படி. இரண்டாவது, பாட்டைத் தட்டச்சு செய்தால் பதிப்பைப் பார்த்துச் சரிபாருங்கள், "கோடீர்" என்பது "கேடீர்" ஆனால் சங்கு வளை போயே போச்சு. மூன்றாவது, உங்களுக்குத் தோன்றிய காரணங்களைச் சேர்த்தால் "இது என் கற்பனை" என்று ஒரு வரி போடுங்கள். நாலு பேர் கைமாறியதும் எது பரணர் சொன்னது, எது நீங்கள் சொன்னது என்று யாருக்கும் தெரியாது.

காப்புரிமைச் சிக்கல் வருமா?

சங்கப் பாட்டுகளுக்கு வராது, அவை எல்லாருக்கும் சொந்தம். உரைகளில்தான் கவனம் வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்குக் காப்புரிமை உண்டு, இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 70 ஆண்டுகள். உ.வே.சா. குறுந்தொகைப் பதிப்பை உரையோடு 1937-இல் கொண்டுவந்தார், 1942-இல் காலமானார், ஆகவே அதை யாரும் எடுத்துத் தரலாம். அண்மைக்கால உரையாசிரியர்களின் உரையை அப்படியே பக்கம் பக்கமாக நகலெடுத்து அனுப்புவது சரியில்லை, புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் தன்னார்வ முயற்சியாக 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளை இலவசமாகப் பகிரலாம், அவர்கள் கேட்பது முகப்புப் பக்கத்தை வெட்டாமல் கொடுங்கள் என்பதுதான், அதில்தான் தட்டச்சு செய்த, பிழை பார்த்த தன்னார்வலர்களின் பெயர்கள் இருக்கின்றன.

கதைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் ஒரு நவீன எழுத்தாளர் இதை நாவலாகவோ கவிதையாகவோ எழுதியிருந்தால் அந்த வார்த்தைகளும் அவர் படைத்த சம்பவங்களும் அவருடையவை.

கல்யாண அழைப்பிதழில் போடலாமா?

"யாயும் ஞாயும்" எல்லாரும் போடுவதால் வேறு வேண்டும் என்று கேட்கிறார்கள். வெள்ளத்தின் கதையைப் போட வேண்டாம், பெரியவர்கள் மனசு சங்கடப்படும். "யானும் ஓர் ஆடுகள மகளே... குரிசிலும் ஓர் ஆடுகள மகனே" என்ற வரிகளை மட்டும் எடுக்கலாம். நடனமாடுகிற ஒரு ஜோடி அப்படித்தான் போட்டார்கள், அழகாக இருந்தது.

நாடகமாகவோ நாட்டியமாகவோ மாற்றினால் கதையைக் கெடுத்ததாகுமா?

ஆகாது. இது ஆடுகிறவர்களின் கதை, ஆடட்டும். மருதிக்குக் காதல் கொடுங்கள், கரிகாலனைக் கோபக்காரன் ஆக்குங்கள், மேடைக்கு என்ன வேண்டுமோ செய்யுங்கள். எனக்கு ஒரே ஒரு வருத்தம், பல மேடைகளில் ஆதிமந்தி அழுதுகொண்டு மட்டும் இருக்கிறாள். பாட்டில் அவள் அழுகிறாள், ஆனால் நடந்துகொண்டே, கேட்டுக்கொண்டே அழுகிறாள். "மாதிரம் துழைஇ", திசைகளைத் துழாவி. இருட்டில் கையால் துழாவுவோமே, அந்தத் துழாவல்.

இதை முதலில் பகிர்ந்தவர் யார்?

பரணருக்கு முன்பே யாராவது பாடியிருக்கலாம். மருதியைப் "பாடல்சால் சிறப்பின்" என்கிறாரே. ஆனால் எனக்கு வேறொரு சங்கிலி பிடிக்கும். வெள்ளிவீதியார் அகநானூறு 45-இல், "காதலற் கெடுத்த சிறுமையொடு நோய்கூர்ந்து ஆதிமந்தி போலப் பேதுற்று" நானும் அலைவேனோ என்று பாடுகிறார். தன் துயரத்துக்கு அளவுகோலாக ஆதிமந்தியை எடுத்துக்கொள்கிறார். பிறகு ஔவையார் வருகிறார், அகநானூறு 147-இல், பிரிந்தவனைத் தேடிப் போகத் துணிந்த ஒருத்தியின் குரலில், "வெள்ளி வீதியைப் போல நன்றும் செலவயர்ந் திசினால் யானே" என்கிறார். வெள்ளிவீதியைப் போல நானும் கிளம்பிவிட்டேன் என்று. ஆதிமந்தியைச் சொன்னது வெள்ளிவீதி, வெள்ளிவீதியைச் சொன்னது ஔவை. மூன்று பெண் கவிஞர்கள், ஒருவர் தேடலை அடுத்தவர் வாங்கிக்கொள்கிறார்கள். என் பெரியம்மா சொன்னபோது இந்த எண்கள் எல்லாம் எனக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது கை நடுங்கிவிட்டது.

அப்படியே எடுத்துச் சொல்லக்கூடிய ஒரு வடிவம் தர முடியுமா?

நான் சொல்வது இதுதான். யாருடைய அனுமதியும் வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள்.

"கச்சை கட்டியிருப்பான். காலில் கழல். மார்பில் மாலை, முடி சுருட்டையாக இருக்கும். பார்த்தீர்களா?"

காவிரிக்கரையில் ஒருத்தி வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்திக் கேட்டாள். அவள் பெயர் ஆதிமந்தி. கரிகாலன் மகள் என்று சொல்வார்கள். அவள் தேடியது அத்தியை. ஆட்டத்தில் அவனுக்கு நிகர் இல்லை, அதனால் ஆட்டன் அத்தி. கழார்த் துறையில் புதுவெள்ள விழா, முழவு ஓயவில்லை, அரசன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் தண்ணீரில் இறங்கி ஆடினான். இடுப்பில் மணி ஒலித்தது. காவிரிக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. கரிய கூந்தலை விரித்து வந்து அவனைக் கொண்டுபோய்விட்டது.

அவள் ஆற்றோடு கிழக்கே போனாள். ஆறு முடிகிற இடம் வரை போனாள். அவளும் ஆடுகிறவள், முன்பெல்லாம் அவனை விழாக்களில் தேடியவள், சங்கு வளை கழன்றுபோகிற அளவுக்குத் தேடியவள். இப்போது கேட்பதற்கு ஆள்கூட இல்லை, எதிரே கடல்தான்.

அங்கே ஒருத்தி நின்றாள். அதோ, என்று காட்டினாள். ஆதிமந்தி அவன் பக்கம் ஓடினாள். காட்டியவள் அலைக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தாள். அவள் பெயர் மருதி.